மலை வீட்டுக்குப் போன டிராக்டர்

என் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அவள் கேட்ட கேக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம்தான். மற்ற பிள்ளைகள் பொம்மை கேக் கேட்பார்கள், பட்டாம்பூச்சி கேட்பார்கள். இவள் கேட்டது டிராக்டர். அதுவும் ஏதோ ஒரு டிராக்டர் இல்லை.

"தாத்தா டிராக்டர் மாரியே இருக்கணும்மா. செவப்பு. முன்னாடி ஒரு லைட்டு ஒடஞ்சி இருக்கணும்."

தாத்தா என்றால் என் மாமனார். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. அந்த நிலத்தில் அவர் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிய வண்டி அது. வேறு யாரையும் அதன் சீட்டில் உட்கார விட்டதில்லை. போன வருடம் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வண்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். நல்லவேளை, அடி ஒன்றும் படவில்லை. ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். கண்ணில் கட்டோடு அவர் படுத்திருந்த அந்த மூன்று நாளில் என் கணவர் டிராக்டரை விற்றுவிட்டார். சொன்னால் விடமாட்டார் என்பதால் சொல்லாமல் விற்றார். விற்கட்டுமா என்று என்னிடம் கேட்டபோது நானும்தான் தலையை ஆட்டினேன். இதில் நான் ஒன்றும் உத்தமி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடு திரும்பிய மாமனார் நேராக வண்டிக் கொட்டகைக்குத்தான் போனார். தரையில் ஆயில் கறை மட்டும் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார். அன்றோடு மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் அதோடு விட்டிருக்கலாம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், மலைக்காரக் குடும்பம் ஒன்று தங்கள் பழைய வீட்டை வருட வாடகைக்கு விடுவதாகக் கேள்விப்பட்டோம். எடுத்தோம். டிராக்டர் விற்ற காசில் ஓடு மாற்றி, தரை பூசி, கக்கூஸ் கட்டினோம். இரண்டு அறை, ஓர் அடுப்படி, வாசலில் பலாமரம். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில் மேலே போர்வை கேட்கும். அதைப் போய் மாமனாரிடம் சந்தோஷமாகச் சொன்ன புத்திசாலியும் நான்தான். "என் வண்டிய வித்துக் கட்டுன வூட்டுல என் கால் படாது" என்று சொல்லிவிட்டார்.

ஏழு மாதம் ஓடியது. ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசாமல் இருப்பது எப்படி என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எங்களிடம் கேட்கலாம். நடுவில் என் மகள்தான் தபால். "பாப்பா, உங்கப்பன்கிட்ட சொல்லு, மோட்டாரு ஓடிக்கினே கெடக்குது." அப்பன் இரண்டு அடி தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பார். "அப்பா, மோட்டாரு ஓடிக்கினே கெடக்குதாம்." "நிறுத்திட்டேன்னு சொல்லும்மா." "தாத்தா, நிறுத்திட்டாராம்." அவளுக்கு இது ஒரு விளையாட்டு. எனக்கு எரிச்சல். இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டலாம் என்று பலமுறை தோன்றியிருக்கிறது.

இந்த நிலைமையில்தான் டிராக்டர் கேக்.

மயில் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம். யானை? வேண்டாம். அருவி மாதிரி நீலமாகக் கிரீம் ஊற்றி? அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். என் கணவரிடம் சொன்னதற்கு, "வம்ப வெல குடுத்து வாங்கப் போற நீ. அப்பா அதப் பாத்தா, வித்ததும் இல்லாம கிண்டல் வேற பண்றானுங்கன்னு எழுந்து போயிடுவாரு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பிறந்தநாள் பிள்ளையுடையது. அவளுக்கு அந்த வண்டி பிடிக்கும், தாத்தாவைப் பிடிக்கும், அவ்வளவுதான். பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதற்கு அவள் ஏன் மயிலை வெட்ட வேண்டும்?

டவுனில் கேக் கடைக்காரரிடம் கேட்டேன். வட்டமாக ஒரு கேக் செய்து அதன்மேல் பிளாஸ்டிக் டிராக்டர் ஒன்றை வைத்துத் தருவதாகச் சொன்னார். நானே செய்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் கணவர் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். அங்கே நான் பாதியில் விட்ட தையல் கிளாஸ் நோட்டும், பாதியில் விட்ட எம்பிராய்டரி வளையமும், மீன் செத்துப்போன தொட்டியும் இருக்கின்றன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் கேக் முடிந்தது என்று நினைக்கிறேன்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். அதில் வரும் பெண்கள் எல்லாம் ஏசி அறையில் செய்கிறார்கள். எங்கள் அடுப்படியில் மே மாதத்தில் வெண்ணெய் தானாகவே நெய்யாகிவிடும். குக்கரில் மணல் பரப்பி, உள்ளே டின் வைத்து, நீளமாக இரண்டு கேக் சுட்டேன். அதுதான் எஞ்சின் பக்கம். பின் சக்கரத்துக்கு எவர்சில்வர் டப்பாவில் இரண்டு. முன் சக்கரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இட்லித் தட்டில் மாவு ஊற்றினேன். இரண்டு கேக் இட்லியை முகத்தோடு முகம் ஒட்டினால் ஒரு சக்கரம். இதை எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளை.

மேலே போர்த்துவதற்குச் சர்க்கரை மாவு ஒன்று விற்கிறார்கள், சப்பாத்தி மாதிரி தேய்த்துப் போர்த்த வேண்டும். வெள்ளையாகத்தான் கிடைத்தது. சிவப்புப் பொடி கலந்தேன், ரோஸ் கலர் வந்தது. இன்னும் போட்டேன், அழுத்தமான ரோஸ் வந்தது. டப்பா முழுவதையும் கொட்டிய பிறகுதான் சிவப்பு எட்டிப் பார்த்தது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், வேப்பங்கொழுந்து தோற்றுவிடும். என் உள்ளங்கை இரண்டும் மூன்று நாளைக்குச் சிவந்து கிடந்தன. காய்கறிக் கடைக்காரம்மா, "இன்னாம்மா, வூட்டுல கல்யாணமா?" என்று கேட்டார். புகைபோக்கிக்கு வேஃபர் குச்சி, ஒரு பக்க லைட்டுக்கு மஞ்சள் மிட்டாய், இன்னொரு பக்கம் வெறும் பள்ளம். நம்பர் பிளேட்டை மகளே எழுதினாள். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சக்கரங்களைப் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்தினேன்.

கடைசியில் தூர நின்று பார்த்தேன். பானெட் கொஞ்சம் கோணல். ஆனால் டிராக்டர்தான், அதுவும் அந்த டிராக்டர்தான். எனக்கே நம்ப முடியவில்லை. சந்தோஷத்தில் குதித்தேன், அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது.

இதற்கிடையில் தாத்தாவை மலைக்கு அழைக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். "நீ வரலன்னா நான் கேக்கே வெட்ட மாட்டேன் தாத்தா." "கீழயே வெட்டேன்டி. இங்க இன்னா கொறச்சல்?" "இங்க கேக்கு உருகிடும்." அவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, "வரேன். வாசல்லயே நின்னு ஒரு துண்டு துன்னுட்டு வந்துடுவேன். வூட்டுக்குள்ள காலெடுத்து வைக்கச் சொல்லக் கூடாது" என்று ஒப்பந்தம் போட்டார். என் கணவருக்குத் தபால் போனது. "சரின்னு சொல்லு" என்று தபால் வந்தது.

கார் புறப்படும்போது ஒரு சிக்கல். டிக்கியில் வைத்தால் கேக் வெந்துவிடும். முன் சீட்டில் என் மடியில் சாப்பாட்டுப் பை, காலடியில் தண்ணீர் கேன். வண்டி ஓட்டும் மகனுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மாமனார் பின்னால் ஏறிக்கொண்டார். அதனால் பழைய மிக்ஸி பெட்டிக்குள் இருந்த அந்த டிராக்டர், அவர் மடிக்கே போனது. ஏசியைப் பின்பக்கம் திருப்பிவிட்டேன். உள்ளே இருப்பது என்னவென்று தாத்தாவிடம் உளறிவிடாமல் இருக்க, மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, இம்மாம் கனம்? கேக்கா, கருங்கல்லா?"

"கேக்குதான் மாமா. கொஞ்சம் ஆடாம வச்சிக்கோங்க."

கச்சிராப்பாளையம் தாண்டி, கோமுகி அணையும் தாண்டி, மலைப்பாதை ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து தபால் வந்துகொண்டே இருந்தது. "பாப்பா, ஆரன் அடிச்சிக்கினு போவச் சொல்லு." "பாப்பா, ரெண்டாவது கியர் போதும்னு சொல்லு." "பாப்பா, பஸ்சு வருது, ஓரம் கட்டச் சொல்லு." மகள் வாயிலிருந்து கையை எடுப்பாள், தபாலைக் கொடுப்பாள், மறுபடி பொத்திக்கொள்வாள். கண்ணாடியில் பார்த்தேன். மாமனார் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கார் இடது பக்கம் சாய்ந்தால் பெட்டியை வலது பக்கம் சாய்த்து, ஒரு வளைவு விடாமல் ஈடுகொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தன் டிராக்டரைத்தான் மடியில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் அந்த வளைவிலேயே இறங்கிவிடுவாரோ என்று பயந்து சாமியை வேண்டிக்கொண்டே போனேன்.

மேலே வீட்டுக்கார அக்கா சாவியோடு காத்திருந்தார். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அவருடைய பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கேக் என்றதும் முன்கூட்டியே முகம் கழுவி, தலை சீவி வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் சொன்ன சொல் தவறாமல் பலாமரத்தடியில் நின்றுவிட்டார். வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். என் கணவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் மாமனார் உட்காரவில்லை.

ஆகவே கேக்கை வாசலுக்கே கொண்டுவந்தோம். ஒரு தாழ்வான பெஞ்சைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, பக்கங்களைக் கத்தரியால் வெட்டிப் பிரித்தேன். புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. பிள்ளைகள் "டிராக்டரு!" என்று கத்தினார்கள். மாமனார் திரும்பினார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் தரையைப் பார்த்தார். நான் என் சிவந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இப்போது கிளம்பிக் கீழே போகும் பஸ்ஸைப் பிடித்துவிடுவார், இனி என்னிடமும் பேச மாட்டார் என்றே நினைத்தேன்.

அவர் மெல்ல நடந்துவந்து பெஞ்சை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து நம்பர் பிளேட்டைப் படித்தார். லைட் இல்லாத பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து, "செவப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, நிஜமாகவே கோபமாகக் கேட்டார்:

"பூச போட்டீங்களா?"

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? புது வண்டி வாசலுக்கு வந்து நிக்குது. பூச போடாம கத்தி எடுத்துக்கினு நிக்கிறீங்க. இன்னா குடும்பம்மா இது?"

எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினால்கூடச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுக்க மாட்டார்கள். அதற்காகக் கேக்குக்குமா? ஆனால் அங்கே யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. வீட்டுக்கார அக்கா "அதானே" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தன் மரத்திலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் பறித்துவந்தார். மாமனாருக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "சூடம் எங்கம்மா? தீப்பெட்டி?" என்று கேட்டபடியே, நான் பதில் சொல்வதற்குள், விறுவிறுவென்று படியேறி வீட்டுக்குள் போய்விட்டார்.

நாங்கள் அப்படியே நின்றோம். உள்ளே டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "உப்பு டப்பாவுல சர்க்கரை வச்சிருக்கிறியே, இன்னா கணக்கு இது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மகள், "தாத்தா உள்ள..." என்று ஆரம்பித்தாள். பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். சூடமும் விபூதியும் குங்குமமுமாக அவர் வெளியே வந்தபோது எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூசை நடந்தது. தண்ணீரில் குழைத்த விபூதியை மூன்று விரலால் பானெட்டின் மேல் இழுத்தார். இரண்டு நாள் உழைப்பின்மேல் தண்ணீர் படுவதைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குங்குமமும் வைத்தாகிவிட்டது. நான்கு சக்கரத்தின் முன்னாலும் எலுமிச்சம்பழம். சூடம் காட்டினார், கிரீம் உருகிப் புகைபோக்கி இன்னும் சாய்ந்தது. பிள்ளைகள் பக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சூடம் அணைந்ததும் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, வண்டிய நவுத்து. பழம் நசுங்கணும்" என்றார்.

அவள் அட்டையோடு தள்ளினாள். நிஜ டிராக்டர் என்றால் பழம் நசுங்கும். இங்கே நசுங்கியது டிராக்டர். முன்பக்கத்துச் சக்கரம் ஒன்று கழன்று, பெஞ்சிலிருந்து விழுந்து உருண்டு போனது. வீட்டுக்கார அக்காவின் கோழி அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. பூசை நேரத்தில் சக்கரம் கழன்றால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மகளின் உதடு பிதுங்கியது. இத்தனை தூரம் வந்து, உள்ளே காலும் வைத்துவிட்டார், எல்லாம் இந்த இட்லியால் போச்சே என்று நினைத்தேன்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கழன்ற இடத்தில் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, திரும்பாமல், வலது கையைப் பின்பக்கம் நீட்டினார்.

"பன்னெண்டு எடுறா."

எனக்குப் புரியவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வயலில் அந்த டிராக்டர் மக்கர் செய்த நாளெல்லாம் அப்பா வண்டிக்கு அடியில் குனிந்திருப்பார், பள்ளிக்கூடத்துப் பையனான மகன் பின்னால் ஸ்பேனர் பையோடு நிற்பான். நம்பர் மட்டும் வரும், அந்த ஸ்பேனர் கைக்குப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைதான் இப்போது நீண்டிருந்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாகத் தன் வாயால் மகனிடம் பேசிவிட்டோம் என்று மாமனாருக்கும் அந்த நொடியில் உறைத்திருக்க வேண்டும். தோள் விறைத்துக்கொண்டது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஸ்பூனை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"பன்னெண்டு இல்லப்பா. பதினாலுதான் இருக்குது."

"அது போதும்" என்றார் மாமனார்.

அவர் ஸ்பூனைக் கேக்கில் வைத்ததும், "நான் இன்னும் வெட்டவே இல்லியே" என்று மகள் சிணுங்கினாள். "பூச போட்ட வண்டிய வெட்டக் கூடாது பாப்பா. பிரிக்கணும்" என்று சொல்லி, ஸ்பூனை அவள் கையில் கொடுத்து, அவள் கையைப் பிடித்து, முதலில் பானெட்டைக் கழற்ற வைத்தார். பிறகு மட்கார்டு, பிறகு பின் சக்கரம். "டயரு ரெண்டும் மலைப் பசங்களுக்கு. எஞ்சின் பாப்பாவுக்கு. ஒடஞ்ச லைட்டு எனக்கு" என்று பங்கு போட்டுக்கொண்டே போனார். விபூதி பட்ட துண்டுதான் கசப்பு குறைவாக இருந்தது என்று வீட்டுக்கார அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கடைசியில் சீட்டும் ஸ்டியரிங்கும் மிச்சமிருந்தன. ஸ்டியரிங்குக்கு நான் வைத்திருந்தது ஒரு குட்டிக் கைமுறுக்கு. மாமனார் அதைக் கழற்றி, ஒட்டியிருந்த கிரீமை வேட்டியில் துடைத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நேராக என் கணவரிடம் போய் அவர் கையில் வைத்தார்.

"புடி. இதயும் எனக்குத் தெரியாம வித்துடாத. என் எதுர்லயே துன்னு."

என் கணவர் முறுக்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.